இரத்தம் கொடுத்த வீரன் ஓடுவானா?

"இரத்தம் கொடுத்தால் உடம்பு பழுதாய்ப் போய்விடும், பிறகு பிள்ளை படிக்கவும் மாட்டான், பந்தடிக்கவும் மாட்டான்" என்று அஞ்சும் தாய்மார் வட்டுக்கோட்டைப் பகுதியில் இன்றும் உளர். அவ்வச்சத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. உடம்பிலிருந்து ஏறக்குறைய அரை லீற்றர் இரத்தத்தை எடுத்தபின் அவ்வுடம்பு முன்போலவே உழைக்குமா என்பது கேட்கத்தக்க கேள்வியே. அதை மிகக் கடுமையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் போர்வீரர்கள்.

முதலாம் உலகப் போரின்போது, 1917ஆம் ஆண்டில், ஒஸ்வால்ட் றொபேட்சன் என்னும் அமெரிக்க வைத்தியர் இரத்தம் உறையாதவாறு மருந்து கலந்து, பனிக்கட்டியில் வைத்துப் பேணிப் பிரான்சியப் போர்முனையில் பயன்படுத்தினார். இரத்தம் கொடுத்தவர் யாவர்? இலேசான காயம்பட்ட வீரர்களே பெரும்பாலும் கொடுத்தனர். பிரித்தானியப் படையில் அவர்களுக்குத் தாய்நாடு சென்றுவர மேலதிக விடுமுறை அளிக்கப்பட்டது. அப்போர்முனையில் பணியாற்றிய சத்திரவைத்தியர் ஜெஃப்ரி கெயின்ஸ் இதனைத் தம் நினைவுகளில் குறித்துள்ளார். அந்த விடுமுறை உடம்பு தேறுவதற்கா, ஆள் சேர்ப்பதற்கா என்று கேட்டால், இரண்டுக்குமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இக்காலத்தில் நிலைமை வேறு. சிறு குழுவாக மலைகளிலும் காடுகளிலும் இயங்கும் படையினர்க்கு விடுமுறையுமில்லை, அருகில் இரத்த வங்கியுமில்லை. ஒருவன் குண்டடிபட்டு இரத்தம் பெருக்கினால், பக்கத்தில் நிற்கும் தோழனே அவ்விடத்தில் கை நீட்டவேண்டும். இதனை 'நடமாடும் இரத்த வங்கி' என்பர். அமெரிக்க றேஞ்சர் படைப்பிரிவு, ஓ வகை இரத்தமுடையோரில் எதிர்ப்பொருள் குறைந்தவர்களை முன்னரே சோதித்துத் தெரிந்து வைத்திருக்கும் முறையொன்றைக் கைக்கொண்டது. ஆனால் கொடுத்தவனும் அதன்பின் சுடவேண்டும், சுமக்கவேண்டும், ஓடவேண்டும். ஒருவனைக் காப்பாற்றப்போய் மற்றவனையும் இழந்தால் ஆவதென்ன?

நோர்வே நாட்டுக் கடற்படையின் விசேட படையினரைக் கொண்டு இதனை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். இரத்தம் கொடுக்குமுன்பும் கொடுத்த சில நிமிடங்களிலும் அவ்வீரர்கள் ஓடும் பொறியில் ஓடினர். கைகளை ஊன்றி எழுந்தனர். கம்பியைப் பிடித்து உடலை மேலே தூக்கினர். கைத்துப்பாக்கியால் குறிபார்த்துச் சுட்டனர். குறிப்பிடத்தக்க வீழ்ச்சி எதுவும் காணப்படவில்லை. கை நடுங்கவில்லை, கண் தவறவில்லை. உடல், மனம் இரண்டுக்கும் இது நல்ல செய்தி.

ஆயினும் அவர்கள் பொறுக்கியெடுத்த வீரர்கள் என்பதை மறக்கலாகாது. எழுபது கிலோ எடையுள்ள மனிதனிடம் ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தமுண்டு. தானமாக எடுப்பது 450 மில்லிலீற்றர். அதில் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் நிரம்பிவிடும். ஒட்சிசனைச் சுமக்கும் செங்குழியங்கள் நிரம்பவோ சில வாரங்கள் செல்லும். ஆகவே சாதாரண நடை, வகுப்பு, வீட்டு வேலை யாவும் வழக்கம்போல நடக்கும். உச்ச வேகத்தில் நெடுந்தூரம் ஓடுபவனுக்குத்தான் முதற் சில நாட்களில் மூச்சு முன்னதாகவே முட்டும். இரண்டு மூன்று வாரங்களில் அக்குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்திய வாரத்தில் ஓட்டக்காரன் இரத்தம் கொடுக்க வேண்டாம். போட்டி முடிந்தபின் கொடுக்கலாம். பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கு அத்தகைய தடையில்லை.

மயக்கம் வருவது வேறு விஷயம். அது பெரும்பாலும் இரத்தக் குறைவாலன்று, அச்சத்தாலும் நரம்பின் செயலாலும் வருவது. முதன்முறை கொடுப்போரும் இளைஞரும் எடை குறைந்தோருமே அதற்கு அதிகம் ஆளாகின்றனர். கொடுப்பதற்குச் சற்று முன் இரண்டு கிளாஸ் தண்ணீர் அருந்துவது நன்மை செய்கிறது. சிலருக்கு மயக்கம் சில மணிநேரம் கழித்தும் வரலாம். காலையில் இரத்தம் கொடுத்தவர் அன்று மாலை பனையேறிக் கள்ளுச் சீவப் போகக்கூடாது. லொறி ஓட்டுபவரும் அன்றைக்கு ஓய்ந்திருக்க வேண்டும்.

நம் தேகத்தின் தொழில்களைத் தமிழிலேயே எழுதிவைத்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1847இல் வட்டுக்கோட்டையிலேதான் முதலில் பணி தொடங்கினார். பின்னரே மானிப்பாய் சென்றார். அவர் 1884இல் மறைந்தார். இரத்த வகைகளை லான்ட்ஸ்டைனர் உலகுக்கு அறிவித்தது 1901இல். கிறீன் அறிந்திருந்தால் எத்தனை அழகான தமிழ்ப் பெயர் சூட்டியிருப்பாரோ! அது நிற்க, இரத்தத்தைப் பேணக் குளிரறை வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். 1990க்குப் பின் பல ஆண்டுகள் குடாநாடு இருளில் கிடந்ததைக் கண்டவர்களுக்கு, கொடுக்க ஆயத்தமாக ஓர் ஆள் அருகில் நிற்பதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

தாய்மார் உண்மையில் கவனிக்கவேண்டியது இரும்புச் சத்தை. ஒருமுறை கொடுக்கையில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு வெளியேறுகிறது. செங்குழியங்கள் மீண்டுவிட்ட பின்னரும் இக்களஞ்சியம் நிரம்பப் பல மாதங்கள் ஆகலாம். இரும்பு குன்றினால் களைப்பும் கவனக்குறைவும் தலைகாட்டும். இளம் பெண்களிடம் இது அதிகம். இலங்கையில் ஒருமுறை கொடுத்தவர் நான்கு மாதம் கழித்தே மீண்டும் கொடுக்கலாம் என்று விதித்திருப்பது இதனாலேயே. வயது பதினெட்டு நிறைந்து, எடை 50 கிலோவாவது இருக்க வேண்டும். ஊசி ஏற்றுமுன் ஈமோகுளோபினையும் சோதிப்பார்கள். வீட்டில் கீரையும் பயறும் மீனும் சமைத்தால், கறியில் தேசிக்காய்ப் புளி சேருங்கள். அது இரும்பை உடம்பில் சேர்க்கும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் நம் வழக்கம் அதற்கு எதிர். தேநீரை ஒரு மணிநேரம் தள்ளிக் குடிக்கலாம்.