குருதியின் பாதையில் – 9: கண்ணால் கண்ட பிறகு

இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியின் சரித்திரத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அதில் ஒரு விசேஷத்தை மறுபடியும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1733-இல் வெளியான தம் நூலில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் விவரிக்கும் பரிசோதனையில், ஒரு பெண்குதிரையின் தொடை நாளத்தில் பித்தளைக் குழாயைச் செருகி, நெடிய கண்ணாடிக் குழலொன்றை அதனோடு இணைத்தபோது, இரத்தம் 8 அடி 3 அங்குலம் உயர்ந்து நின்றது. அன்று அழுத்தம் என்பது யாரும் பார்க்கக்கூடிய பிரத்யட்சமான பொருளாக இருந்தது. பிற்பாடு 1896-இல் ரிவா-ரோச்சி கையில் பட்டை கட்டிப் பாதரசத்தை ஏற்றினார்; 1905-இல் கொரோட்காஃப், ஸ்டெதஸ்கோப்பினால் நாளத்தின் ஒலியைக் கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் குறிக்கும் முறையைத் தந்தார். வைத்தியருக்கு இதனால் விளைந்த நன்மை அளவற்றது. நோயாளிக்குக் கிடைத்ததோ, சீட்டில் எழுதிய இரண்டு எண்கள்.

160-க்கு 100 என்று எழுதிக் கொடுத்தால், அந்த எண்கள் உடம்பில் எந்த இடத்திலும் வலிப்பதில்லை. பசி குறைவதில்லை, உறக்கம் கெடுவதில்லை, நடை தளர்வதில்லை. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, பிரஷர் மாத்திரையை எதற்காக ஆயுள் முழுதும் விழுங்க வேண்டும்?" என்று கேட்பவரை அறியாதவர் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது; தம் சரீரம் சொல்லும் சாட்சியத்தை அவர் நம்புகிறார், அவ்வளவுதான். ஆனால் அதே நேரத்தில் நாளங்களின் உட்சுவர் தடித்துக்கொண்டும், இருதயத்தின் இடது அறைத் தசை பருத்துக்கொண்டும், சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் சிதைந்துகொண்டும் இருக்கின்றன என்பதை அவருக்கு யார், எவ்வாறு புலப்படுத்துவது?

வாய்மொழியால் மட்டும் அது நடவாது என்பதற்குப் போதிய ஆதாரம் உண்டு. ரோய் கெசல்ஸ் என்ற டச்சு உளவியலறிஞர் 2003-இல் எழுதிய கட்டுரையில், வைத்தியர் கூறுவனவற்றில் நூற்றுக்கு 40 முதல் 80 பங்கு வரை நோயாளிகள் உடனேயே மறந்துவிடுகிறார்கள் என்றும், நினைவில் நின்றவற்றிலும் ஏறக்குறையப் பாதி பிழைபட்டே நிற்கிறது என்றும் எடுத்துக்காட்டினார்.

இனி, ஸ்வீடன் தேசத்தின் வடபகுதியில் உள்ள வெஸ்டர்பொட்டன் மாகாணத்துக்குப் போவோம். இருதய நோயால் இறப்போர் அந்நாட்டிலேயே மிகுதியாயிருந்த அந்த மாகாணத்தில், 1985-இல் நூர்ஷே என்னும் சிற்றூரில் தொடங்கி, பின்னர் மாகாணம் முழுவதும் பரவிய ஒரு தடுப்புத் திட்டத்தின்படி, குறிப்பிட்ட வயதை எட்டியவர்களை அழைத்துப் பரிசோதிப்பது வழக்கமாயிற்று. அந்த அஸ்திவாரத்தின் மேல், 2013 முதல் 2016 வரை, 40, 50, 60 வயதினரில் இருதய நோய்க்கான ஏதுக்கள் உடைய 3532 பேரைச் சேர்த்து, கழுத்தின் இருமருங்கும் ஓடும் பெருநாளங்களை அல்ட்ராசவுண்ட் மூலம் படம் பிடித்தார்கள். ஒரு பாதியினருக்கு அந்தப் படத்தின் முடிவாக, நாளத்தின் வயதைப் பச்சை முதல் சிவப்பு வரையிலான வர்ணப் பட்டையில் காட்டும் சித்திரமும், கொழுப்புப் படிவு உண்டா இல்லையா என்று தெரிவிக்கும் சிவப்பு அல்லது பச்சை வட்டமும் அனுப்பப்பட்டன; மறுபாதியினருக்கு அவை அனுப்பப்படவில்லை. ஓராண்டு கழிந்த பின், சித்திரம் பெற்றவர்களின் அபாய மதிப்பெண் சராசரியாக இறங்கியிருந்தது, பெறாதவர்களுடையது ஏறியிருந்தது. படிப்பு மிகுந்தவருக்கும் குறைந்தவருக்கும் பலன் ஒன்றுபோல் இருந்தது என்பதை நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன்; அச்சிட்ட அறிவுரைகள் பெரும்பாலும் முன்பே அறிந்தவர்களுக்கே மேலும் அறிவூட்டுகின்றன.

அந்த மதிப்பெண் அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் முதலியவற்றைச் சேர்த்துக் கணக்கிடுவதாகையால், அழுத்தம் ஒன்றே படத்தைக் கண்டு இறங்கிவிட்டது என்று கொள்வதற்கில்லை. மேலும், படம் தனித்துப் போகவில்லை. அது போய்ச் சேர்ந்த சில வாரங்களில் ஒரு நர்ஸ் தொலைபேசியில் அழைத்து, ஐயங்களைத் தீர்த்தார். ஆறு மாதம் கழித்து அதே சித்திரம் மீண்டும் அனுப்பப்பட்டது. வைத்தியருக்கும் அதன் பிரதி சென்றது. பயமுறுத்தும் படத்தை மட்டும் காட்டி, செய்ய வேண்டியது என்ன என்று சொல்லாமல் விடுவது கொடுமை என்பதே என் அபிப்பிராயம். அச்சம் கொண்டவன் வழி தெரியாதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

கழுத்து நாளத்தைப் படம் பிடிக்கும் வசதி எல்லா இடத்திலும் இராது. ஆனால் ஒரு தாளும் பென்சிலும் இல்லாத வைத்தியசாலை ஏது? மாதந்தோறும் எடுத்த அளவுகளைப் புள்ளியிட்டுக் கோட்டால் இணைத்துக் காட்டலாம். காலை மாத்திரைக்குச் சூரியனையும் இரவு மாத்திரைக்குச் சந்திரனையும் வரைந்து தரலாம். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு எல்லையாக விதித்த 5 கிராம் உப்பை, ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைந்த அளவில் கொட்டிக் காட்டி, ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும் என்று சொல்லலாம். இவற்றுக்குச் செலவு அற்பம். வேண்டுவது ஐந்து நிமிஷப் பொறுமை.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை அழுத்தம் பார்க்கப் போகும்போது, எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்துவிடாமல், "சென்ற ஆறு மாதத்து அளவுகளை ஒரு கோடாகப் போட்டுக் காட்டுங்கள், டாக்டர்" என்று கேளுங்கள், அந்தத் தாளை வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.