உங்களுக்குத் தெரியுமா? மண்டபத்துக்குள் ஒளிந்திருக்கும் தியேட்டர்

உங்கள் ஊர்க் கல்யாண மண்டபமோ நெல் கிடங்கோ ஒரு காலத்தில் சினிமா தியேட்டராக இருந்ததா? பின்சுவரைப் பாருங்கள். உயரத்தில் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகளை அடைத்த தடம் தெரிந்தால், அதற்குப் பின்னால் இருந்தது ஆபரேட்டர் ரூம். பெரும்பாலும் ஒரு புரொஜெக்டருக்கு இரண்டு ஓட்டை: ஒன்று ஒளி பாய, மற்றது ஆபரேட்டர் எட்டிப் பார்க்க. ஒற்றை மெஷின் வைத்திருந்த கொட்டகைகளில் ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். முறுக்கு விற்பவருக்குக் கொண்டாட்டம்தான்!

அந்த ஓட்டைகளுக்கு இரும்பு மூடியும் உண்டு. 1950களின் தொடக்கம் வரை தயாரான நைட்ரேட் பிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது. தீ அரங்குக்குள் வராமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆபரேட்டர் ரூம் கூரையில் புகைக்குழாய் மிச்சமிருந்தால், அது கார்பன் குச்சி எரித்து வெளிச்சம் உண்டாக்கிய காலத்தது.

கட்டிய வருடம் வேண்டுமா? கலெக்டர் ஆபீஸ் பழைய கோப்புகளைத் தேடலாம். தமிழ்நாட்டின் 1955ஆம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி, சிற்றூர் தியேட்டர்களுக்கு உரிமம் தருபவர் கலெக்டர்தான்.

தெருப் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கோவையில் கட்டிய அரங்கின் பெயரில்தான் அங்கே வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது.