கப்பலில் புதன், கரையில் வியாழன்

காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்கிறவர்களைப் பற்றிய திரைப்படங்களில் ஒரு கட்டம் தவறாமல் வரும். கலத்துக்குள் இருக்கும் ஒரு கருவி ஒரு நேரம் காட்டும். இன்னொன்று வேறு நேரம் காட்டும். எது சரி, எது பழுது என்று தெரியாமல் பயணிகள் விழிப்பார்கள். "நிஜத்தில் இப்படி நடக்குமா?" என்று நம் வீட்டுப் பிள்ளைகள் என்னைக் கேட்பதுண்டு. நடக்கும் என்பது மட்டுமல்ல, நடந்தே இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்லும் பதிலைச் சற்று விரிவாக இங்கே தருகிறேன்.

தொலைந்துபோன ஒரு நாள்

1519 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டிலிருந்து மெகல்லன் தலைமையில் 5 கப்பல்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்டன. மெகல்லன் 1521-இல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் நடந்த சண்டையில் மாண்டார். உலகைச் சுற்றித் திரும்பியது 'விக்டோரியா' என்ற ஒரே கப்பல்தான். அது 1522 ஜூலையில், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளில் உணவு தேடி ஒதுங்கியது. கப்பலின் கணக்குப்படி அன்று புதன்கிழமை. கரையில் கேட்டால் வியாழக்கிழமை என்றார்கள்!

கப்பலில் இருந்த பிகாஃபெட்டா என்ற இத்தாலியர் திகைத்துப் போனார். அவர் ஒரு நாள்கூட விடாமல் நாட்குறிப்பு எழுதி வந்தவர். நோயில் படுத்து நாள் மறந்தார் என்று சொல்லவும் வழியில்லை. விஷயம் சாதாரணமானதும் அல்ல. நாள் தவறினால் நோன்பும் பண்டிகையும் தவறும். ஏகாதசி என்று நினைத்துத் துவாதசியன்று பட்டினி கிடந்தால் நம் பாட்டிமார்கள் எப்படிப் பதறுவார்கள்? பக்தி மிகுந்த அந்த மாலுமிகளுக்கும் அதே நிலைமைதான்.

பிகாஃபெட்டாவின் கணக்கில் பிழையே இல்லை. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். மேற்கே போகிறவன் சூரியனைத் துரத்திக்கொண்டு போகிறான். அதனால் அவனுடைய ஒவ்வொரு பகலிரவும் சற்றே நீள்கிறது. உலகை முழுதாகச் சுற்றி வரும்போது இந்தத் துளிகள் சேர்ந்து 24 மணி நேரமாகிவிடும். கரையில் இருந்தவர்களைவிட ஒரு சூரியோதயத்தை அவன் குறைவாகப் பார்த்திருப்பான். இரு தரப்பும் எண்ணியது சரிதான். பார்த்த உதயங்கள்தான் வேறு.

இதன் சிறிய வடிவம் நம் நாட்டிலும் இருந்தது. 1906 ஜனவரி 1-ஆம் தேதி இந்தியாவுக்குப் பொது நேரம் வருவதற்கு முன், ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின. பம்பாயின் உள்ளூர் நேரமோ அதற்குச் சுமார் அரை மணி பின்தங்கியது. வண்டியைப் பிடிக்க வேண்டியவர் எந்தக் கடிகாரத்தை நம்புவது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டியிருந்தது.

டிக்கெட் வாங்கிய கடிகாரங்கள்

இதுவரை சொன்னது நாளை எண்ணும் முறையில் வந்த வேறுபாடு. காலமே வேறு வேகத்தில் ஓடுமா? ஓடும் என்றார் ஐன்ஸ்டைன். வேகமாகச் செல்லும் கடிகாரம் மெதுவாக நடக்கும் என்பது 1905-இல் வந்த அவருடைய கொள்கை. பூமியின் ஈர்ப்பிலிருந்து விலகி உயரே இருக்கும் கடிகாரம் விரைவாக நடக்கும் என்பது 1915-இல் வந்த கொள்கையின் விளைவு.

1971 அக்டோபரில் ஹாஃபெலே, கீட்டிங் என்ற இரு அமெரிக்கர்கள் 4 சீசியம் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் உலகைச் சுற்றி எடுத்துச் சென்றார்கள். கடிகாரங்களுக்கும் டிக்கெட் வாங்கினார்கள்! ஒரு முறை கிழக்காக, மறுமுறை மேற்காக. வாஷிங்டனில் இருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டபோது, கிழக்கே போன பயணத்தில் சராசரியாக 59 நானோ விநாடி பின்தங்கியிருந்தன. மேற்கே போன பயணத்தில் அதே கடிகாரங்கள் 273 நானோ விநாடி முந்தியிருந்தன. (ஒரு விநாடியை 100 கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நானோ விநாடி.)

அதே கடிகாரங்கள் ஏன் இப்படி மாற்றிப் பேச வேண்டும்? ஓடும் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பக்கமாக நடப்பவர், உட்கார்ந்திருப்பவரைவிட வேகமாகப் போகிறார். கார்டு பெட்டிப் பக்கமாக நடப்பவரும் வண்டியோடு முன்னால்தான் போகிறார், ஆனால் உட்கார்ந்திருப்பவரைவிடச் சற்று மெதுவாக. பூமி கிழக்கு நோக்கிச் சுழலும் ரயில். வாஷிங்டன் கடிகாரம் அதில் உட்கார்ந்திருப்பவர். கிழக்கே பறந்தது அதைவிட வேகமாகப் போனதால் வேகத்தில் 184 இழந்தது. உயரத்தில் 144 சம்பாதித்தது. நிகரம் 40 நஷ்டம். மேற்கே பறந்ததற்கு வேகத்தில் 96, உயரத்தில் 179. இரண்டும் லாபமாகி மொத்தம் 275. இவை கொள்கைப்படி போட்ட கணக்கு. அளந்த 59-ஐயும் 273-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருவிகளில் இருக்கும் சிறு பிழைகளையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு ஒத்துப்போகிறது.

பொத்தானோடு போன செயற்கைக்கோள்

1977 ஜூனில் என்.டி.எஸ்.-2 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள், சீசியம் கடிகாரத்தை முதன்முதலாக விண்ணுக்குக் கொண்டு போனது. ஐன்ஸ்டைன் சொன்ன திருத்தம் உண்மையிலேயே தேவைப்படுமா என்று அதைக் கட்டியவர்களில் சிலருக்குச் சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று, வேண்டும்போது இயக்கிக்கொள்ளும்படி திருத்தக் கருவியையும் உள்ளே வைத்தார்கள். சுமார் 20 நாட்கள் கடிகாரத்தை அதன் போக்கில் விட்டுப் பார்த்தார்கள். அது நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி முந்தியது. கணக்கும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லியிருந்தது. திருத்தக் கருவியை இயக்கினார்கள்.

இன்றைய ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் அந்தத் திருத்தத்தைத் தரையிலேயே செய்து அனுப்புகிறார்கள். 38 மைக்ரோ விநாடி என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் அதற்குள் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டே இடத்தைக் கணக்கிடுகிறார்கள். அதில் நேரப் பிழை என்றால் தூரப் பிழைதான்.

பழுதா, உண்மையா?

கருவி நிஜமாகவே பழுதாவதும் உண்டு. 2013-இல் ஏவப்பட்ட நம் நாட்டின் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளின் 3 ரூபிடியம் கடிகாரங்களும் பின்னர் செயலிழந்தன. அவை வெளிநாட்டில் வாங்கியவை. கடிகாரம் இல்லாமல் அந்தச் செயற்கைக்கோள் இடம் காட்ட முடியாது. 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01-இல் நம் நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம் இடம்பெற்றது.

அப்படியானால் முரண்பட்ட அளவைக் கண்டதும் எது பழுது, எது உண்மை என்று பிரிப்பது எப்படி? பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கருவியைத் தட்டிப் பார்க்கும் முன், அது எங்கே போய் வந்தது, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு உயரத்தில் என்று கேளுங்கள். கணக்குப் போடுங்கள். வேறுபாடு கணக்கோடு ஒத்துப்போனால் இரண்டு கருவிகளும் உண்மையே பேசுகின்றன. கணக்குக்கு அடங்காமல் தாறுமாறாக இருந்தால் அப்போது பழுதைத் தேடலாம். பிகாஃபெட்டாவின் நாட்குறிப்பைத் தப்பு என்று தூக்கி எறிந்திருந்தால், அந்த ஒரு நாளின் கதை நமக்குக் கிடைத்திருக்காது.

செய்து பார்க்க ஒரு சோதனை: கொல்கத்தாவிலும் மும்பையிலும் உறவினர் உள்ளவர்கள், மார்ச் அல்லது செப்டம்பர் 21-ஐ ஒட்டிய ஒரு நாளில் சூரிய உதய நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊருக்கும் இடையே தீர்க்கரேகையில் சுமார் 15½ பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.