பின் சீட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டா?

போன வருஷம் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சுசீந்திரத்திலிருந்து வடசேரி கனகமூலம் சந்தைக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். என் கணவர் ஓட்ட, பின்னால் நான். கோட்டாறு பக்கம் எதிரே வேகமாய் வந்த பைக் எங்கள் மேல் மோதிவிட்டது. அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. எனக்கோ வலது கால் முறிந்து மூன்று மாதம் படுக்கை.

தமிழக அரசு 2021-ல் கொண்டு வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமாய் நடந்தது. அப்புறம் ஆன செலவுக்கு என் இரண்டு வளையலும் அடகுக்கடைக்குப் போயின.

பைக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற பையன். வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து எட்டு மாதமாகியிருந்தது. "அக்கா, ரூவாய்க்கு நான் எங்க போவேன்?" என்று கைகூப்பி நின்றபோது திட்டக்கூட மனசு வரவில்லை.

"நம்ம வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டுல்லா, பொறவு என்ன?" என்றாள் என் மைனி. பேப்பரை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. எங்களுடையது வெறும் 'தேர்டு பார்ட்டி' பாலிசி. அது நம் வண்டியால் அடிபடும் வெளியாளுக்குத்தான். பின்னால் உட்காருகிறவர் அதில் சேர மாட்டார் என்று உச்ச நீதிமன்றமே 2006-ல் சொல்லியிருக்கிறது. கூடவே இருந்த 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் வண்டி உரிமையாளரான அவருக்கு மட்டும். எத்தனை வருஷம் பின்னால் உட்கார்ந்து போயிருப்பேன், ஒருநாளாவது அந்தத் தாளைப் படித்தேனா!

பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். நாகர்கோவில் கோர்ட்டில் போய்க் கேட்டேன். நஷ்டஈடு வழக்குப் போட்டாயிற்று. ஆனால் "இன்சூரன்ஸ் இல்லாததால் அந்தப் பையன்தான் கட்டணும், கையில் இல்லாதவனிடம் தீர்ப்பு தாளில்தான் இருக்கும்" என்று வக்கீலம்மா உள்ளதைச் சொல்லிவிட்டார்.

இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினால் முதல் தடவையே 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அப்படியும் ஓட்டுகிறார்கள். ஆகவே நாம்தான் உஷாராக இருக்க வேண்டும். முழு பாலிசி எடுங்கள். பின்னால் இருப்பவருக்கும் விபத்துக் காப்பீடு சேர்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் ரூபாய்தான் கூடும். ஆனால் அது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு மருத்துவக் காப்பீடு தனியாக வேண்டும்.

இப்போது எங்கள் அடுக்களைக் காலண்டரில், கேஸ் சிலிண்டர் தேதிக்குப் பக்கத்திலேயே இன்சூரன்ஸ் முடியும் தேதியையும் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பையனின் அம்மாவிடமும் அப்படியே எழுதி வைக்கச் சொன்னேன்.

- ஒரு வாசகி, சுசீந்திரம்.