பினாங்கில் இரண்டு நாள்: காரை அக்கரையிலேயே விட்டுவிடுங்கள்

நீண்ட வார இறுதி வந்துவிட்டால் நாட்டில் உள்ள கார்களெல்லாம் பினாங்குப் பாலத்தின் மேல்தான் நிற்கின்றனவோ என்று தோன்றும். பாலத்தைக் கடந்தால் கார் நிறுத்த இடம் தேடும் படலம். பிறகு கொடிமலை ரயிலுக்கு ஒரு வரிசை, செண்டோலுக்கு ஒரு வரிசை, சுவரோவியத்தின் முன் படம் எடுக்க ஒரு வரிசை. மாலையில் பத்து ஃபெரிங்கி சாலையில் மறுபடியும் நெரிசல். ஓய்வுக்குப் போய் ஓய்ந்துபோய்த் திரும்பும் குடும்பங்கள் நம்மில் ஏராளம்.

பினாங்கு முழுவதையும் இரண்டு நாளில் பார்த்துவிட முடியாது. ஆனால் ஜோர்ஜ்டவுன் பழைய நகரத்தை இரண்டு நாளில் நிதானமாக நடந்து பார்க்கலாம், நன்றாகச் சாப்பிடலாம், மதியத்தில் ஒரு தூக்கமும் போடலாம். 2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றிய பகுதி இது. அதன் மையப் பகுதியின் பரப்பு ஏறத்தாழ 109 ஹெக்டேர்தான். இவ்வளவு சிறிய ஊருக்குள் கார் ஒரு சுமை.

கோலாலம்பூரிலிருந்து ஈடிஎஸ் ரயிலில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், பட்டர்வொர்த்தில் இறங்கலாம். நிலையத்திலிருந்து பினாங்கு சென்ட்ரல் வழியாக நடந்தே ஃபெரி துறைக்குப் போகலாம். 2021 முதல் ஃபெரியில் கார்களை ஏற்றுவதில்லை; 2023 ஆகஸ்டில் புதிய படகுகள் வந்துவிட்டன. பழைய ஃபெரியின் மேல்தளத்தில் காற்று வாங்கியவர்களுக்குக் குளிர்சாதன அறை ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனாலும் கடலிலிருந்து ஊர் மெல்ல நெருங்கி வருவதைப் பார்க்கும் சுகம் பாலத்தில் கிடைக்காது. அக்கரையில் இறங்கியதும் துறைமுகத்துக்கும் கொம்தாருக்கும் இடையே ஓடும் இலவச கேட் பேருந்து இருக்கிறது. தமிழ்நாட்டு உறவினர்களை வரவழைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானச் சேவையைத் தொடங்கியது.

தங்குமிடத்தைக் கடற்கரை விடுதிகளில் தேடாமல் சூலியா தெருவை ஒட்டிப் பாருங்கள். எல்லாமே நடக்கும் தூரத்தில் இருக்கும். பழைய கடைவீடுகளை மாற்றிய விடுதிகளில் படிகள் செங்குத்தாக இருக்கும் என்பதால் மூட்டுவலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் கீழ்த்தளத்து அறை கேட்டு வாங்குவது நல்லது.

முதல் நாள் வெயில் தாழ்ந்த பிறகு, நான்கரை மணி வாக்கில் நடையைத் தொடங்குங்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்ற ஒரே சாலையை ஒட்டிப் பல சமயங்களின் வழிபாட்டிடங்கள் நிற்கின்றன. கடல் பக்கத்திலிருந்து வந்தால் முதலில் 1818இல் கட்டிய செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம். அதைக் கட்டியவர்களில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளும் உண்டு. அடுத்து ஊதுபத்திப் புகை சூழ்ந்த சீனர் கோயில். சற்றே உள்ளே, குயின் தெருவில், ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1833ஆம் ஆண்டுக் கோயில் இது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். நண்பகலில் நடை சாத்தியிருக்கும், மாலையில் போவதே சரி. அதன்பின் சாலைக்குத் தன் பெயரைத் தந்த பள்ளிவாசல். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1801இல் தொடங்கியது. ‘கெலிங்’ என்ற சொல் இன்று நம் காதில் வசையாக விழுகிறது. அந்தக் காலத்தில் அது தென்னிந்தியர்களைக் குறித்த பெயர். அவர்களின் தலைவராக இருந்த காதர் முகைதீனே கப்பித்தான்.

சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவர் நினைவாக இங்கு வாழ்ந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. சிறிய கட்டடம்தான். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தவறவிட்டுவிடுவீர்கள். ‘சூலியா’ என்ற பெயரே ‘சோழ’ என்பதிலிருந்து வந்ததாகப் பலர் கருதுகிறார்கள். 1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவைப் பெற்றது கெடா சுல்தானிடமிருந்து. கெடா என்பது நம் கடாரம். பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல தெருமுனை கிடைக்காது.

பக்கத்திலேயே லிட்டில் இந்தியா. மார்க்கெட் தெருவை நம்மவர்கள் ‘கடைத்தெரு’ என்றே அழைத்தார்கள். பூக்கடை, மசாலைக் கடை, பாத்திரக் கடை, நாணய மாற்றுக் கடை என்று அஞ்சடிகளில் நடந்தால் நேரம் போவது தெரியாது. பினாங்கு தெருவில் செட்டியார்களின் கோவில் வீடு இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுவது அங்கிருந்துதான். காரைக்குடியில் செய்து 1894இல் வந்த ரதம் அது.

பசிக்கத் தொடங்கியிருக்கும். சைவர்கள் லிட்டில் இந்தியாவிலேயே வாழை இலைச் சாப்பாட்டுக்கோ தோசைக்கோ உட்கார்ந்துவிடலாம். மற்றவர்களுக்கு நாசி கண்டார்.

நாசி கண்டார் தமிழர் உணவா, மலேசிய உணவா என்ற வாதம் எனக்கு அலுத்துவிட்டது. ராமநாதபுரம், கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம்கள் தோளில் ஒரு கழியைத் தாங்கி, ஒருபுறம் சோறு, மறுபுறம் குழம்பு என்று துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். அந்தத் தோள்கழியின் மலாய்ப் பெயரே ‘கண்டார்’. இராமநாதபுரத்தில் போய்த் தேடினால் இந்தச் சாப்பாடு கிடைக்காது, பினாங்கில்தான் பிறந்தது. கேம்பல் தெருவின் ஹமீதியா 1907 முதல் நடக்கிறது. பினாங்கு சாலையிலுள்ள லைன் கிளியர் ஒரு சந்துக்குள் இருந்துகொண்டே பேர்வாங்கிய கடை.

இதன் ருசி ஒரு குழம்பில் இல்லை, கலவையில் இருக்கிறது. கோழிக்குழம்பு, மீன்குழம்பு, பருப்புக்குழம்பு என்று ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துச் சோற்றின் மேல் ஊற்றச் சொல்லுங்கள். ‘பஞ்சிர்’ என்றால் வெள்ளம் பாய்ச்சிவிடுவார்கள். கூடவே முழு வெண்டைக்காய். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பெரிய இறால், மீன் முட்டை, மீன் தலை ஆகியவற்றுக்குக் கை நீட்டும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. பில்லைப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பதைவிட அது மேல்.

காலையில் டிரான்ஸ்பர் சாலையில் ரொட்டி சானாய். ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே கறிக்குழம்பை ஊற்றித் தருவார்கள். 2024 டிசம்பரில் மலேசியாவின் காலைச் சிற்றுண்டிப் பண்பாட்டையே யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது, ரொட்டி சானாய், தே தாரிக் உட்பட. பர்மா சாலையில் பேங்காக் லேன் பக்கம் ஒரு சீனர் கோப்பிக்கடைக்குள் தமிழ் முஸ்லிம் மீ கோரெங் ஒட்டுக்கடை இருக்கிறது. ஒரே மேசையில் கடைக்காரரின் கோப்பியும் ஒட்டுக்கடையின் மீயும் வந்து சேரும். பினாங்கை விளக்க எனக்கு அது போதும்.

கெங் குவீ தெருவில் 1936 முதல் விற்கும் தியோச்சு செண்டோலுக்கு வார நாளில் போனால் வரிசை குறையும். 2022 டிசம்பரில் மிஷலின் வழிகாட்டி முதன்முதலாகப் பினாங்குக் கடைகளைப் பட்டியலிட்டது. பட்டியலில் உள்ள கடைக்கு ஒரு மணி நேரம் நிற்பதைவிட, பக்கத்துக் கடையில் உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். சார் குவே தியாவில் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் கடைகள் உண்டு, கேட்டுச் சாப்பிடுங்கள். ஹாலால் கடைகளும் இருக்கின்றன.

இரண்டாம் நாள் காலையில் ஒரே ஒரு மலை போதும். கொடிமலை அழகுதான். ஆனால் வார இறுதியில் டிக்கெட் வரிசையில் பாதி நாள் கரையக்கூடும். முதல் ரயிலைப் பிடிக்க முடியாதென்றால் அதை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொண்டு தண்ணீர்மலைக்குப் போங்கள். 513 படிகள். காலை ஏழு மணிக்கு ஏறினால் மூச்சு வாங்காது, தைப்பூசக் கூட்டத்தில் பார்க்க முடியாத அமைதி கிடைக்கும். 2012இல் குடமுழுக்கு கண்ட பாலதண்டாயுதபாணி கோயிலின் முற்றத்திலிருந்து ஊரும் கடலும் தெரியும். படியேற முடியாத பாட்டிமார் அருகிலுள்ள 1884ஆம் ஆண்டுத் தாவரவியல் பூங்காவில் மெல்ல நடக்கலாம். உணவுப் பையை வெளியே காட்டாதீர்கள், குரங்குகள் கெட்டிக்காரர்கள். கொம்தாரிலிருந்து 10ஆம் எண் பேருந்து பூங்காவுக்கு வரும்.

ஆர்மீனியன் தெருவில் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரேவிச் 2012இல் வரைந்த மிதிவண்டிப் பிள்ளைகளைப் பார்க்காமல் இளைஞர்கள் வரமாட்டார்கள். பார்க்கட்டும். கடல்மேல் கட்டிய சியூ படகுத்துறைக்கும் போகலாம். ஆனால் அவை காட்சிப்பொருள்கள் அல்ல, ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். சன்னல் வழியே கைப்பேசியை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

இந்த ஊரை நடந்து பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. குறைந்த வாடகையில் தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. பிறகு மரபுரிமைப் பட்டம் வந்தது, கட்டடங்களுக்கு மதிப்புக் கூடியது. குடும்பங்கள் இருந்த வீடுகளில் விடுதிகளும் காப்பியகங்களும் வந்தன. சுவர்கள் காப்பாற்றப்பட்டன, உள்ளே இருந்தவர்கள் போய்விட்டார்கள். லிட்டில் இந்தியாவில் இன்னும் பூ கட்டுகிறவர், மிளகாய் அரைத்து விற்கிறவர், பொற்கொல்லர் இருக்கிறார்கள் என்றால் வாங்க ஆள் வருவதால்தான். காரில் வந்து சுவரோவியத்தோடு படம் எடுத்துத் திரும்புகிறவர்களால் அவர்களுக்கு ஒரு காசு பிரயோசனமில்லை. வீட்டுக்கு வேண்டிய மசாலைத் தூளையும் சாமிக்கு மாலையையும் அங்கே வாங்குங்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போக ஜாதிக்காய் ஊறல் நன்றாக இருக்கும். தாவ் சார் பியா பிஸ்கட் வாங்குவதாக இருந்தால் எந்தக் கொழுப்பில் செய்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாலை ரயிலைப் பிடிக்கிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஃபெரி துறைக்கு வந்துவிடுவது உத்தமம்.