15 வருஷ லாரியை இன்னும் ஏன் ஓட்டுறாங்க? புது வண்டி வாங்காததற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கு!

பைபாஸில் பைக்கில் போகிறீர்கள். முன்னால் ஒரு பழைய லாரி, கரும்புகையைக் கக்கிக்கொண்டு மெதுவாகப் போகிறது. மூக்கை மூடிக்கொண்டு ஓவர்டேக் செய்யும்போது மனதில் தோன்றுவது ஒன்றுதான்: ‘இதையெல்லாம் இன்னும் எதுக்கு ஓட்டுறாங்க? வித்துட்டு புதுசு வாங்க வேண்டியதுதானே?’

இதே கேள்வியை சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ ஒரு லாரி உரிமையாளரிடம் கேட்டுப்பாருங்கள். பதிலாக ஒரு கணக்குதான் வரும். அதில் சென்டிமென்ட் குறைவு, டீசலும் டியூவும்தான் அதிகம். அந்தக் கணக்கு என்ன, அது எங்கே இடிக்கிறது என்பதைப் பார்ப்போம்.

லாரி யாருடையது?

லாரி என்றாலே பெரிய கம்பெனி என்று நினைக்கிறோம். ஆனால் இந்தியாவில் ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை ஐந்துக்கும் குறைவான வண்டி வைத்திருப்பவர்களுடையவை. டிரைவராக இருந்து சேர்த்த காசில் செகண்ட்ஸ் வண்டி வாங்கி ஓனர் ஆனவர்கள் கொங்குப் பகுதியில் நிறைய பேர். அவர்களுக்கு ஒரு லாரிதான் கடை, வயல், சேமிப்பு எல்லாம். அதனால் ‘புது வண்டி வாங்கலாமா?’ என்பது வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாமா என்கிற அளவுக்குப் பெரிய முடிவு.

டியூ கணக்கு

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். புது லாரிக்கு 35 லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, 5 வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாத டியூ ஏறக்குறைய 74,000 ரூபாய் வரும்.

பழைய வண்டி லிட்டருக்கு 3.5 கிலோமீட்டர், புது வண்டி 4 கிலோமீட்டர் கொடுக்கிறது. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடினால் புது வண்டியில் மிச்சமாகும் டீசல் சுமார் 107 லிட்டர், அதாவது 10,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ரிப்பேர் செலவில் மாதம் 15,000 ரூபாய் குறையும் என்றாலும், மொத்த மிச்சம் 25,000 ரூபாய்தான். டியூவில் மூன்றில் ஒரு பங்கு!

மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடினால்? டீசலில் சுமார் 26,000, ரிப்பேரில் 15,000 என மொத்தம் 41,000 ரூபாய் மிச்சம். அப்போதும் டியூவுக்கு 33,000 ரூபாய் இடிக்கிறது. அதைக் கூடுதல் லோடு அடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும்.

இன்னொரு விஷயம், லோடு கிடைக்காத மாதம். மழைக்காலம், பண்டிகை, மார்க்கெட் மந்தம் என எத்தனையோ காரணம் வரும். பழைய வண்டி ஷெட்டில் நின்றால் பெரிய நஷ்டமில்லை. புது வண்டி நின்றாலும் டியூ தேதி நிற்காது. இன்ஷூரன்ஸிலும் இதே கதைதான். தேர்ட் பார்ட்டி பிரீமியம் வண்டியின் எடையை வைத்துத்தான் முடிவாகிறது, வயதை வைத்து அல்ல. ஆனால் சொந்த சேதத்துக்கான பிரீமியம் வண்டி மதிப்பைப் பொறுத்தது என்பதால், புது வண்டிக்குத்தான் அதிகம்.

ஆனால் இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. ஐந்து வருடம் கழித்து, டியூ முடிந்த ஒரு நல்ல வண்டி கையில் இருக்கும். பழைய வண்டிக்கு அப்போது ஏறக்குறைய இரும்பு விலைதான்.

பட்டறை பக்கத்திலேயே இருக்கு

பழைய லாரி இத்தனை வருடம் தாங்குவதற்கு முக்கியக் காரணம், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள். நாமக்கல் வட்டாரத்தில் பாடி கட்டுபவர், லேத், பம்ப் சர்வீஸ், டயர் ரீட்ரெடிங் என எல்லாமே கிட்டத்தில் இருக்கும். மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள இன்ஜினுக்கு ஸ்பேனரும் அனுபவமும் போதும். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. இன்ஜின் தேய்ந்தால் போர் பண்ணி, பிஸ்டன் ரிங் மாற்றி மறுபடியும் ரோட்டுக்கு அனுப்பிவிடலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 விதி அமலுக்கு வந்தது. இந்த லாரிகளில் சென்சார்கள், கம்ப்யூட்டர், புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர், ஆட்ப்ளூ டேங்க் எல்லாம் உண்டு. ஆட்ப்ளூ என்பது 32.5 சதவீத யூரியாவும் மீதி சுத்திகரித்த நீரும் கலந்த திரவம். புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது இதன் வேலை. அது தீர்ந்தாலோ, சென்சார் பழுதானாலோ வண்டி தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும். நடு ரோட்டில் நின்றால் பழக்கப்பட்ட பட்டறைக்காரர் வந்து சரிசெய்துவிடுவார் என்ற தைரியம் குறைகிறது. புது வண்டி என்றால் பலர் தயங்குவது விலைக்காக மட்டுமல்ல, இதற்காகவும்தான்.

15 வருஷம் ஆனா ஸ்கிராப்பா?

இதில்தான் குழப்பம் அதிகம். 2021-ல் மத்திய அரசு அறிவித்த ஸ்கிராப் கொள்கைப்படி, வயது ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் தனியார் லாரியை உடைக்க வேண்டியதில்லை. ஃபிட்னஸ் டெஸ்ட்டில், அதாவது எஃப்.சி.யில் தேற வேண்டும், அவ்வளவுதான். டெல்லியும் சுற்றுவட்டாரமும் விதிவிலக்கு. அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

ஆனால் வயது ஏற ஏற கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. முதல் 8 வருடம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதன்பின் ஆண்டுதோறும். 20 வயது தாண்டிய கனரக வண்டிக்கு ஃபிட்னஸ் கட்டணத்தை 25,000 ரூபாயாக 2025 நவம்பரில் மத்திய அரசு நிர்ணயித்தது. நேஷனல் பெர்மிட் சாதாரண லாரிக்கு 12 வயது வரைதான், மல்டி ஆக்ஸிலுக்கு 15 வரை. அதற்குப் பிறகு நேஷனல் பெர்மிட்டில் வெளிமாநில லைன் ஓட்ட முடியாது. அதனால்தான் வயதான லாரிகள் ஜல்லி, செங்கல், கோழித்தீவனம் என உள்ளூர் ஓட்டத்துக்கு இறங்கிவிடுகின்றன. கிலோமீட்டர் குறைவு, டியூ இல்லை. கணக்கு ஒத்துப்போகிறது.

கணக்கில் வராத செலவு

ஆனால் ஓனரின் நோட்டில் எழுதப்படாத செலவுகள் சில உண்டு. அவற்றை வேறு யாரோ கட்டுகிறார்கள்.

முதலாவது, புகை. 2017-க்கு முன் விற்ற பல லாரிகள் பி.எஸ்.3 ரகம். கனரக டீசல் இன்ஜினுக்கு அப்போது அனுமதித்த நைட்ரஜன் ஆக்சைடு ஒரு கிலோவாட் மணிக்கு 5 கிராம். பி.எஸ்.6-ல் அது 0.4 கிராம், அதாவது 12-ல் ஒரு பங்குக்கும் குறைவு. நுண்துகள் வரம்பும் 0.10 கிராமிலிருந்து 0.01 ஆனது. இன்ஜினை எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் பி.எஸ்.3 வண்டி பி.எஸ்.6 ஆகிவிடாது. சாலையோரம் டீக்கடை போட்டிருப்பவரும், பின்னால் பைக்கில் போகும் நாமும்தான் அந்த வித்தியாசத்தைச் சுவாசிக்கிறோம்.

இரண்டாவது, டிரைவர். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். பழைய லாரியில் மே மாத வெயிலோடு இன்ஜின் சூடும் சேர்ந்து டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். கனரக லாரிகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது 2015-ல்தான். அதற்கு முந்தைய பல வண்டிகளில் அவசரத்தில் பிரேக் அடித்தால் சக்கரம் லாக் ஆகி வண்டி இழுத்துக்கொண்டு போகும் ஆபத்து உண்டு. எதிரில் வருபவரின் உயிரும் அதில் அடக்கம்.

அப்போ எது சரி?

மாதம் 3,000 கிலோமீட்டருக்குள் உள்ளூரில் ஓடும் வண்டி என்றால், பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றிலும் மிச்சம் பிடிக்காமல் பார்த்துக்கொண்டு ஓட்டுவதில் பொருளாதார நியாயம் இருக்கிறது. வெளிமாநில லைன், கம்பெனி கான்ட்ராக்ட், வருஷம் முழுக்க ரிட்டன் லோடு உறுதி என்றால் புது வண்டிதான் கைகொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள், டியூ முடிந்த பி.எஸ்.4 செகண்ட்ஸ் வண்டியைப் பார்க்கலாம்.

அரசும் ஸ்கிராப் செய்பவர்களுக்குச் சலுகை வைத்திருக்கிறது. பழைய வண்டியை உடைத்ததற்கான சான்றிதழைக் காட்டி, அதற்கு மாற்றாக வாங்கும் புது சரக்கு வாகனத்துக்கு சாலை வரியில் 15 சதவீதம் வரை மாநில அரசு சலுகை தரலாம். 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கான ஜி.எஸ்.டி.யும் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் ஒற்றை லாரி ஓனரைத் தூங்கவிடாத கேள்வி விலை அல்ல, ‘லோடு இல்லாத மாசம் டியூவை எங்கிருந்து கட்டுறது?’ என்பதுதான். வண்டி நிற்கும் மாதத்தில் தவணையைத் தள்ளிக்கொள்ள வழி, நியாயமான வாடகை இரண்டும் இல்லாமல், சலுகை மட்டும் அவரை ஷோரூமுக்குக் கூட்டிப்போகாது.

அடுத்தமுறை பைபாஸில் அந்த லாரியைப் பார்த்தால், புகைக்குக் கோபம் வரட்டும், தப்பில்லை. ஆனால் அந்தப் புகையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நம் வீட்டுக்கு வந்த ஜல்லியும் செங்கலும் அந்த வாடகைக்கு வந்து சேர்ந்ததற்கு, டியூ இல்லாத அந்தப் பழைய வண்டியும் ஒரு காரணம்.