பேட்டரி சிப்பின் ஒரு கால்



அறிவியல் கண்காட்சியில் என் விளக்கு எரியாமல் நின்றதை நிறையப் பேர் பார்த்தீர்கள். "என்னடா, சார்ஜ் போட மறந்துட்டியா?" என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை. சார்ஜ் முழுசா இருந்தது. அப்புறம் ஏன் எரியலை? அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பைக்கில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு முள் காட்டுகிறது அல்லவா? பேட்டரிக்கு அந்த வேலையைச் செய்யும் சிப்புக்கு ஃபியூயல் கேஜ் என்று பெயர். நான் பயன்படுத்தியது மேக்ஸ் 17043. ஒரே ஒரு லித்தியம் செல்லுக்கானது. செல்லின் வோல்ட்டேஜை அளந்து, உள்ளே ஒரு கணக்குப் போட்டு, எத்தனை சதவீதம் மிச்சம் என்று இரண்டு கம்பி வழியாகச் சொல்லும்.

இதில் அலர்ட் என்று ஒரு பின் உண்டு. பின் என்றால் சிப்பின் கால்தான். மிச்சம் ஒரு அளவுக்குக் கீழே வந்தால் அந்தக் கால் செய்தி சொல்லும். அளவை நாமே 1 முதல் 32 சதவீதம் வரை வைக்கலாம். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 4 என்று எடுத்துக்கொள்ளும். லித்தியம் செல்லை ஒட்ட உறிஞ்சினால் அது கெட்டுப்போகும் என்பதால் நான் 10 வைத்தேன். 10 வந்ததும் விளக்கு தானாக அணைய வேண்டும், இதுதான் என் திட்டம்.

அப்படியானால் விளக்கை நேராக அந்தக் காலிலேயே மாட்டிவிடலாமா? கூடாது. என் விளக்கு அரை ஆம்பியர் இழுக்கும். அந்தக் கால் செய்தி சொல்ல மட்டும்தான், சுமை தூக்க அல்ல. இன்னொரு விஷயம், அது கிணற்றுக் கயிறு மாதிரி. கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியுமா? இந்தக் காலும் கம்பியைப் பூஜ்ய வோல்ட்டுக்கு இழுக்கும். மேலே ஏற்றத் தெரியாது. ஏற்றி வைக்க நாம் ஒரு ரெசிஸ்டரைப் பிளஸ்ஸோடு இணைக்க வேண்டும். நான் போட்டது 100 கிலோ ஓம்.

சுமை தூக்க மாஸ்ஃபெட் வேண்டும். விளக்கின் மைனஸுக்கும் செல்லின் மைனஸுக்கும் நடுவே ஒரு என்-சேனல் மாஸ்ஃபெட் வைத்து, அதன் கேட்டை அலர்ட் காலோடு சேர்த்தேன். சாதாரண நேரத்தில் ரெசிஸ்டர் கேட்டை மேலே பிடித்திருக்கும், விளக்கு எரியும். சார்ஜ் குறைந்ததும் கால் கீழே இழுக்கும், விளக்கு அணையும். இதையே பி-சேனல் வகையைப் பிளஸ் பக்கம் வைத்துச் செய்தால் தலைகீழாகிவிடும். காலியாகும்போதுதான் விளக்கு எரியும்!

முதலில் கையில் இருந்த ஐஆர்எஃப் 540-ஐப் போட்டேன். விளக்கு மங்கலாக அழுது வடிந்தது. அது முழுசாகத் திறக்க கேட்டுக்கு 10 வோல்ட் கேட்கிற ஆள். நம்மிடம் இருப்பதோ 4 வோல்ட்டுக்கும் குறைவு. பிறகு ஏஓ 3400 போட்டேன். அதற்கு 2.5 வோல்ட்டே போதும். ஆனால் எறும்பு சைஸ். சால்டர் வைப்பதற்குள் உயிர் போனது.

இனிதான் கண்காட்சிக் கதை. சிப்புக்கு "10" என்று சொல்லிக்கொடுக்க ஒரு அர்டுயினோ ப்ரோ மினி வைத்திருந்தேன். விளக்கு அணையும்போது இதுவும் அணையட்டும், கரண்ட் மிச்சம் என்று அதையும் மாஸ்ஃபெட்டுக்கு அந்தப் பக்கமே மாட்டினேன். ரொம்ப புத்திசாலி என்று நினைப்பு! வீட்டில் சோதித்தேன். 10-ல் டக்கென்று அணைந்தது. சார்ஜ் போட்டேன், எரியவில்லை. செல்லைக் கழற்றி மாட்டினேன், எரிந்தது. லூஸ் கனெக்ஷன் என்று நினைத்து இரண்டு நாள் ஒயர்களையே மாற்றிக்கொண்டிருந்தேன். கண்காட்சியிலும் அதே கூத்து.

இயற்பியல் சார் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "கழற்றி மாட்டினா எரியுதுன்னா, நடுவுல எது எதை மறந்துச்சுன்னு யோசிடா."

மறந்தது சிப். அலர்ட் கால் ஒருமுறை கீழே இழுத்துவிட்டால், செல் 100 சதவீதம் ஏறினாலும் விடாது. "சரி, செய்தி கிடைத்தது, விடு" என்று அர்டுயினோ எழுதினால்தான் விடும். ஆனால் அர்டுயினோவின் கரண்டை வெட்டியதே அந்தக் கால்தான்! சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய மாதிரி. செல்லைக் கழற்றினால் சிப்புக்கும் கரண்ட் போய் எல்லாம் மறந்துவிடும், அதனால் எரிந்தது.

இந்தப் பிடிவாதம் சிப்பின் குறை என்று முதலில் திட்டினேன். இல்லை என்று பிறகு புரிந்தது. சுமை போனதும் செல்லின் வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறும். உடனே கால் விட்டுவிட்டால் விளக்கு எரியும், மறுபடி இறங்கும், அணையும், எரியும். சீரியல் லைட்தான்! டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிக்யூ 27441 சிப்பில் அணைக்க ஒரு அளவு, விட வேறொரு அளவு என்று இரண்டு வைக்கலாம். என் சிப்பில் அது கிடையாது. அதனால் அந்த வேலையை அர்டுயினோவுக்குக் கொடுத்தேன்.

இப்போது அர்டுயினோ மாஸ்ஃபெட்டுக்கு இந்தப் பக்கம், நேராகச் செல்லில். தூங்கிக்கொண்டே இருக்கும். 8 விநாடிக்கு ஒருமுறை விழித்து, அலர்ட் வந்திருக்கிறதா, 20 சதவீதம் தாண்டியதா என்று பார்க்கும். தாண்டினால் மட்டும் காலை விடச் சொல்லும். போர்டில் இருந்த குட்டி எல்இடியைப் பிய்த்து எடுத்துவிட்டேன், அது ராத்திரி பகல் என்றில்லாமல் கரண்ட் குடித்தது.

விளக்கு இயற்பியல் லேபில் இருக்கிறது. இடைவேளையில் வந்து பார்க்கலாம். அணைந்திருந்தால் சார்ஜரை மாட்டிக் காத்திருங்கள், தயவுசெய்து செல்லைக் கழற்றாதீர்கள்.